ஒரே நாளில் பழனி பாதயாத்திரை: குடும்பத்தோடு நடக்க முழு வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் – பழனி சாலை நடக்கிறவர்களின் சாலையாகிவிடும். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி, மதுரை, சிவகங்கைப் பக்கத்துச் சாமிகள் என்று பல நாள் நடையில் வருபவர்கள் ஒரு பக்கம். அத்தனை நாள் லீவு கிடைக்காமல், "கடைசி ஒரு நாளாவது பிள்ளைகளோடு நடந்துவிடலாம்" என்று கிளம்பும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். இந்தக் குறிப்புகள் அந்த இரண்டாவது வகைக்காக.

ஒரு நாள் நடைதானே என்று நினைப்பதில்தான் பெரும்பாலான கோளாறு தொடங்குகிறது. ஊர் எல்லை வரை உள்ள தூரத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பழனி வந்து சேர்ந்ததும் நாள் முடிவதில்லை. மலையடிவாரத்தைச் சுற்றிப் போகும் கிரிவீதியை வலம் வர வேண்டும், 693 படி ஏற வேண்டும், வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அதே காலோடு இறங்கவும் வேண்டும். சாலையிலேயே தெம்பு முழுவதையும் செலவழித்த குழந்தை சந்நிதி வாசலில் தூங்கிவிடும். ஆறு மணி நேரம் நடந்து வந்தது எதற்கோ அதைப் பார்க்காமலே திரும்பும். கிளம்பும் நேரம், தூரம், சாப்பாடு எல்லாவற்றையும் மலையை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் விருப்பாட்சி, சத்திரப்பட்டி, கணக்கன்பட்டி, ஆயக்குடி என்று ஊர்கள் வரிசையாக வரும். சத்திரப்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், ஆயக்குடியிலிருந்து சுமார் 7. இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், திட்டம் முழுவதும் இவற்றை வைத்துத்தான்.

குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் தொடங்கியாக வேண்டும் என்று சட்டமில்லை. கல்லூரி வயதுப் பிள்ளைகளும் நடந்து பழகிய பெரியவர்களும் ஒட்டன்சத்திரத்திலிருந்து நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அம்மா, சித்தி, அத்தைமாரும் விடிகாலை 5 மணிக்குச் சத்திரப்பட்டியில் சேர்ந்துகொள்ளட்டும். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் ஆயக்குடியில் சேர்ந்தால் போதும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கடைசி இரண்டு கிலோமீட்டர் நடக்க வையுங்கள். அது வீட்டுக்குப் போய் "நான் பழனிக்கு நடந்தேன்" என்று சொல்ல அது தாராளம். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்பது சரிப்படாது. நடைபாதைக் கல் ஒவ்வொரு ஊர்ப் பிரிவிலும் பாலத்திலும் அறுந்து அறுந்து வரும், சக்கரம் இறங்கும்.

காரில் வருபவர்கள் வண்டியைத் தொடங்கும் ஊரில் விடாதீர்கள். முந்தைய நாளே பழனியில் நிறுத்திவிட்டு, விடிகாலையில் திண்டுக்கல் பஸ் ஏறிச் சத்திரப்பட்டியில் இறங்குங்கள். நடை முடிகிற இடத்தில் மாற்று உடையும் வண்டியும் காத்திருக்கும். இதைச் செய்யாதவர்கள் தரிசனம் முடிந்து, வீங்கின காலோடு, கூட்டமான பஸ்ஸில் நின்றபடி வண்டியை எடுக்கத் திரும்பிப் போகிறார்கள். திண்டுக்கல் – பழனி ரயில் பாதையில் ஒட்டன்சத்திரத்திலும் சத்திரப்பட்டியிலும் நிலையங்கள் உண்டு. ரயில்கள் குறைவு என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எந்த நாள்

தைப்பூசத்தன்று சின்னப் பிள்ளைகளோடு வராதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழா பத்து நாள். ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறி, ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் பூசத்தன்று தேர், பத்தாம் நாள் தெப்பம். திருக்கல்யாணத்துக்கு முந்தைய நாளிலிருந்து தேருக்கு மறுநாள் வரை மலையில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு வரும் செவ்வாய், புதன், வியாழன் போன்ற நாட்கள்தான் குடும்பங்களுக்கு ஏற்றவை. வழியில் சாமிகள் நடமாட்டம் இருக்கும், அன்னதானப் பந்தல்கள் போட ஆரம்பித்திருப்பார்கள், அரோகரா சத்தம் கேட்கும். ஆனால் வரிசை நகரும். 

பங்குனி உத்திரத்துக்கும் நடக்கிறார்கள். அது கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வரும் கொங்கு மக்களின் காலம். வெயில் அதற்குள் ஏறிவிடும், குழந்தைகளுக்குத் தையே சௌகரியம்.

ஒரு மாதம் முன்பிருந்து

மாலை போடுவது அவரவர் வீட்டு வழக்கம். 48 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு, கிளம்பும் அன்று காலையில் போடுபவர்களும் உண்டு. ஒரு நாள் நடைக்கு மூன்று நாள் விரதம் போதும் என்று பல வீடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை நடைப் பழக்கம் வேண்டும்: முதல் வாரம் 3 கிலோமீட்டர், அடுத்து 5, அடுத்து 8, கடைசியாக 10 அல்லது 12. கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாள் நீண்ட நடை வேண்டாம், கால் ஓயட்டும்.

அந்த நடைகளில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, வீட்டில் யார் மிக மெதுவாக நடக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகிறார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பம் நின்று நடந்து ஒரு மணி நேரத்துக்கு 3 கிலோமீட்டர் போகும். 15 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். இரண்டாவது, எந்தச் செருப்பு எங்கே உரசுகிறது. பாதயாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வருபவர்கள் கணக்கன்பட்டி தாண்டுவதற்குள் அதைக் கையில் பிடித்திருப்பார்கள். குறைந்தது ஒரு மாதம் காலில் கிடந்த செருப்போ ஷூவோதான் ஆகும்.

வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் இருந்தால் அதற்கும் பழக்கம் தேவை. தார்ச்சாலையில் தினமும் கால் மணி நேரம் வெறுங்காலில் நடந்து தோல் உரமேற மூன்று நான்கு வாரம் பிடிக்கும். சிலர் செருப்பில்லாமல் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு பனியில் நனைந்து, பொடிக்கல் ஒட்டி, அந்தக் கல் ஒரே இடத்தில் ஆயிரம் முறை அழுத்தும். அப்படி நடப்பவர்கள் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கு வேண்டுதல் இருந்தாலும் கிரிவீதியிலிருந்து வெறுங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தியதும் கொப்புளம் உடைந்ததும் தெரியாது, ரத்தம் பார்த்துத்தான் தெரியும். மூடிய ஷூ, பருத்தி சாக்ஸ், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளங்காலை இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்ப்பது, இந்த மூன்றும் கட்டாயம். அன்றைய மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு 15 கிலோமீட்டர் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து உட்கார வையுங்கள். பொட்டலத்தை அவர் சட்டைப் பையிலேயே போடுங்கள், கூட்டத்தில் பிரிந்துபோன மருமகள் பையில் இருந்து பயனில்லை.

பையில் என்ன

பெரியவர் பை 4 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகள் தோளில் தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் போதும். மாற்று உடை, போர்வை, பூஜைச் சாமான் எல்லாம் பழனியில் இருக்கும் வண்டியிலோ அறையிலோ இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு டார்ச், தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில், துணி பிளாஸ்டர் ஒரு சுருள், சின்னக் கத்தரி, பஞ்சு, கிருமிநாசினி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, காய்ச்சல் மாத்திரை, கூடுதல் சாக்ஸ், ஒரு துண்டு, பழைய செய்தித்தாள் சில. செய்தித்தாள் எதற்கென்றால், பனி இறங்கிய திண்ணையிலும் மைல்கல்லிலும் உட்கார. வேட்டி, பாவாடை பின்பக்கம் நனைந்துவிட்டால் அந்த ஈரம் தொடை உரசலில் போய் முடியும்.

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பெயரும் இரண்டு கைபேசி எண்ணும் எழுதிய அட்டை வையுங்கள். பேனாவால் முழங்கைக்கு மேலும் எழுதுங்கள், மணிக்கட்டில் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும்.

பால்காவடி, பால்குடம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்திரப்பட்டியில் நிறைத்த பச்சைப் பால் வெயிலில் குலுங்கிக் குலுங்கி மலை ஏறும்போது திரிந்திருக்கும். குடத்தை வெறுமனே சுமந்து வந்து, பழனியில் குளித்து முடித்தபின் பால் வாங்கி நிறைத்துக்கொள்வதே நல்லது. நாட்டுச்சர்க்கரைக் காவடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பனியில் நனையாமல் வாய்க்கட்டு மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும்.

சாப்பாடும் தண்ணீரும்

தைப்பூசக் காலத்தில் சாலை நெடுகப் பந்தல்கள். சுக்குக் காபி, பிஸ்கட், பொங்கல், தக்காளி சாதம், நீர்மோர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். "சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்கிற அந்தக் குரலை மறுக்க மனம் வராது. வாங்குங்கள், அது அவர்களின் வேண்டுதல். ஆனால் ஒரு தட்டு வாங்கிக் குடும்பமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். பந்தலுக்குப் பந்தல் முழுத் தட்டு சாப்பிட்ட பிள்ளைதான் ஆயக்குடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். வாங்கியதைக் கீழே போடாதீர்கள், தட்டை வயலோரம் வீசாதீர்கள். மறுநாள் மாடு மேய்வது அங்கேதான்.

திருவிழா நாட்களுக்கு வெளியே நடப்பவர்கள் கையில் சாப்பாடு கொண்டுவர வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு அரை கிலோ அரிசியில் புளியோதரை சரியாக இருக்கும். அதற்குப் புளி 60 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. சாதத்தை உதிர்த்து, தாம்பாளத்தில் பரப்பி, முழுதும் ஆறியபிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி நீராகி மறுபடி சாதத்தில் சொட்டும். விடிகாலையில் கட்டியது பத்து மணிக்கே பிசுபிசுக்கும். இட்லியென்றால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டுங்கள், தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

தண்ணீரைத் தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று விடாதீர்கள். விடிகாலைக் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமே தெரியாது, எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது ஏற்கெனவே வறண்டிருப்பார்கள். அரை மணிக்கு ஒரு முறை பெரியவருக்கு ஒரு டம்ளர், பிள்ளைக்கு அரை டம்ளர். வெயில் வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்ற கணக்கில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து பிள்ளைகளுக்கு வாந்தி வரும். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் உட்கார வைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை மெதுவாக அவர் பக்கமாக மடக்கி அரை நிமிடம் பிடியுங்கள். அதோடு நீர்மோரோ உப்புக் கரைசலோ கொடுங்கள்.

ஆயக்குடி கொய்யாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சாலையோரம் கூடை கூடையாகக் குவித்திருப்பார்கள். இலையோடு பறித்த காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுக்கும்போது, நடந்து வறண்ட வாய்க்கு அதைவிட இதமான ஒன்று இந்த வழியில் இல்லை. ஆளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். மீதியைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கிலோ கொய்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறியவர்கள் யாரும் அடுத்த வருடம் அதைச் செய்வதில்லை.

நடை

முந்தைய நாள் மாலை பழனிக்கு வந்துவிடுங்கள். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையமோ தனியார் விடுதியோ முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இரவு 8 மணிக்கு லேசான சாப்பாடு, 9 மணிக்குள் தூக்கம். பிள்ளைகள் புது இடத்தில் விழித்துக்கொண்டு விளையாடும், கண்டிப்பாக இருங்கள்.

3.15: எழுந்து குளியல். தலையைத் துவட்டாமல் கிளம்பக் கூடாது. தை மாதத்து விடியல் குளிரும் ஈரத்தலையும் சேர்ந்தால் பிள்ளை நடுங்கிவிடும். கால்விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்துவிட்டு, குதிகாலிலும் விரல்களிலும் தொடை உட்பக்கமும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வேட்டிக்குள் தளர்வான பருத்தி அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

4 மணி வாக்கில் பஸ். 4.45க்குச் சத்திரப்பட்டியில் இறங்கி, ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டு நடையைத் தொடங்கலாம்.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், அந்த இருட்டில்தான் ஆபத்து அதிகம். நடைபாதை இருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்க வேண்டாம். அது அறுந்துபோகும் இடங்களில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும் பக்கமாக, ஒற்றை வரிசையில் போங்கள். ஒரு டார்ச் முன்னால் போகிறவரிடம், இன்னொன்று கடைசி ஆளிடம். காவி, கரும்பச்சை வேட்டி இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரோ வெள்ளைத் துண்டோ இருக்கட்டும். பாதைக் கல்லில் பனி இறங்கி வழுக்கும், குறிப்பாக மரத்தடியில் பாசி பிடித்த இடங்களில். பிள்ளைகள் ஓடக் கூடாது.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். இதைப் பெரும்பாலான குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. வேகமானவர்கள் முன்னே போய் உட்கார்ந்து காத்திருப்பார்கள், பின்னால் வருகிற பாட்டி வந்து சேர்ந்ததும் "வாங்க போகலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வே தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும், தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. கெட்டிக்கார மாமா ஒருவர் கடைசியில் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், எழுந்ததும் நொண்டும். ஓய்வில் செருப்பைக் கழற்றிப் பாதத்துக்குக் காற்று கொடுங்கள்.

கொப்புளம் வரும் முன்பே சொல்லிவிடும். குதிகாலிலோ கட்டைவிரல் ஓரத்திலோ ஒரு ரூபாய் அளவு இடம் சுள்ளென்று சூடு தட்டும், தொட்டால் மற்ற இடத்தைவிட வெதுவெதுப்பாக, லேசாகச் சிவந்திருக்கும். "அடுத்த ஊர் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் அடுத்த ஊரில் நீர் கோத்திருக்கும். அந்த நிமிடமே நின்று, எண்ணெயைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாகக் கத்தரித்து ஒட்டினால் சுருண்டு வராது. கொப்புளம் வந்தேவிட்டால் தோலை உரிக்காதீர்கள். சின்னதாக இருந்தால் மேலே பஞ்சு வைத்து ஒட்டிவிடுங்கள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சுத்தம் செய்த புது ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடித்து, தோல் அப்படியே மூடியிருக்கக் கிருமிநாசினி போட்டுக் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அதையும் செய்யாதீர்கள், நடையை நிறுத்தி பஸ் ஏற்றிவிடுங்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி மேற்கே இருக்கிறது. அதனால் காலை வெயில் முழுவதும் பிடரியிலும் கெண்டைக்காலிலும் விழும். முன்பக்கம் நிழல் விழும் தொப்பி பிள்ளைகளுக்குப் பயன்படாது, ஈரத்துண்டைப் பிடரி மறையப் போடுங்கள். இடது பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். கணக்கன்பட்டி தாண்டி வெளிச்சம் ஏறும் நேரத்தில் மலைமடியில் பனிமூட்டம் கிடக்கும். பிள்ளைகளை நிறுத்திக் காட்டுங்கள், அதற்கு நேரம் ஒதுக்கியே திட்டமிடுங்கள்.

ஆயக்குடியை எட்டு மணிக்குள் தொட்டுவிட்டால் சரியான வேகம். ஒன்பதைத் தாண்டிவிட்டால் அங்கேயே யாரை பஸ் ஏற்றுவது என்று முடிவெடுங்கள். பஸ் ஏறுவது குற்றமில்லை. முருகன் தூரத்தை அளந்து வைத்திருப்பதாக யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் தார் சுடும், கடைசி மூன்று கிலோமீட்டர் முதல் பத்தைவிட நீளமாகத் தெரியும்.

பழனிக்குள்

பத்து மணி வாக்கில் வந்து சேர்வீர்கள். உடனே மலையேற வேண்டும் என்ற வேகம் எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் படிக்கல் சுடும், நடந்து தோல் மெலிந்த பாதத்துக்கு அது தாங்காது.

முடி இறக்க வேண்டுதல் இருந்தால் முதலில் அது, பிறகு குளியல், பிறகு தலைக்குச் சந்தனம். இடும்பன் குளத்தில் குளிப்பவர்கள் பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றுங்கள். களைத்த பிள்ளைக்குக் கால் வழுக்கினால் எழும் தெம்பு இருக்காது. அறை இருந்தால் அறையிலேயே குளிப்பது நல்லது. சாப்பிட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இந்தத் தூக்கம்தான் மாலையைக் காப்பாற்றும். மதியத்தைக் கடைத்தெருவில் கழித்த குடும்பத்துக்கு மலை வாய்க்காது.

மூன்று மணிக்குத் திருஆவினன்குடி. மலைக்கு முன் அடிவாரத்துக் குழந்தை வேலாயுதரைக் கும்பிடுவதுதான் முறை. பிறகு கிரிவலம். கிரிவீதி சுமார் இரண்டரை கிலோமீட்டர். தனியார் வண்டிகளுக்கு உள்ளே அனுமதியில்லை. முடியாதவர்களுக்குக் கோயிலின் பேட்டரி வண்டிகள் உண்டு. சுற்ற முடியாவிட்டால் பாதவிநாயகரைக் கும்பிட்டு நேரே படியேறலாம்.

மலைக்கோயிலில் கைபேசிக்கு 2023 அக்டோபர் முதல் அனுமதியில்லை, கீழேயே ஒப்படைக்க வேண்டும். படம் எடுக்க முடியாது என்பதைத் தாண்டி இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே யாராவது பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. எனவே ஏறும் முன்பே இரண்டு இடம் பேசிக்கொள்ளுங்கள்: மேலே ஒன்று, கீழே பாதவிநாயகர் கோயில் வாசல் ஒன்று. அரை மணி தேடிக் கிடைக்காவிட்டால் எல்லோரும் கீழே உள்ள இடத்துக்கு வந்துவிட வேண்டும். கைபேசி ரசீதைப் பெரியவர் இருவர் தனித்தனியாக வைத்திருங்கள். ரசீது வைத்திருந்த ஒருவர் மட்டும் காணாமல்போனால் மொத்தக் குடும்பமும் நின்றுவிடும்.

மலை

நான்கு வழி. படிப்பாதை 693 படிகள். பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம். யானைப்பாதை சரிவாக, வளைந்து போகும். தூரம் கூடுதல் என்றாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே இதம். தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கப்படும் 'விஞ்ச்' வண்டியும் ரோப்காரும் நடக்க முடியாதவர்களுக்கு. ரோப்கார் மதியம் ஒரு மணி நேரம் பராமரிப்புக்காக நிற்கும், காற்று பலமானாலும் நிற்கும், வருடாந்தரப் பராமரிப்புக்கு நாட்கணக்கில் மூடப்படும். கூட்ட நாளில் விஞ்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் யானைப்பாதையில் மெதுவாக ஏறியே விடலாம்.

படியில் ஏறுபவர்கள் வழியில் இடும்பன் சந்நிதியில் நின்று கும்பிட்டுப் போங்கள். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலையையும் தோளில் தூக்கி வந்து காவடிக்கு வழிகாட்டியவர் இடும்பன் என்பது புராணம். காவடி எடுப்பவர்கள் அவரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள், உட்கார வேண்டாம்.

நாலு மணிக்கு மேல் ஏறத் தொடங்கினால் ஐந்தரை மணிச் சாயரட்சைப் பூஜைக்கு மேலே இருக்கலாம். அப்போது தண்டாயுதபாணிக்கு ராஜ அலங்காரம். கோவணத்தோடு நிற்கும் ஆண்டியை மட்டுமே படத்தில் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, கிரீடமும் வாளுமாக நிற்கும் அதே முருகனைக் காட்ட இதுதான் நேரம். போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த திருமேனி என்று சொல்லப்படுவதை வரிசையில் நிற்கும்போது சொல்லுங்கள், வரிசையும் நகரும். போகர் சந்நிதியையும் பார்த்துவிட்டு, இரவு ஏழு மணி வாக்கில் தங்கத்தேர் புறப்பாடு இருக்கும் நாளானால் காத்திருந்து கும்பிடலாம்.

இறங்கும்போது படியைத் தவிருங்கள். ஏறுகையில் மூச்சுதான் வாங்கும், இறங்குகையில் உடம்பின் எடை முழுவதும் முழங்காலில் இடிக்கும்; காலையிலிருந்து நடந்த தொடைத் தசை நடுங்கும். யானைப்பாதையில் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக இறங்குங்கள், தூங்கும் பிள்ளையைத் தூக்கியவருக்கு முன்னால் இன்னொருவர் போகட்டும்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில் வாங்குங்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய் சேர்ந்த இதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து நடந்தவர்கள் தாண்டிவந்த விருப்பாட்சியின் மலைவாழைக்கும் அந்தக் குறியீடு உண்டு.

அன்றிரவும் மறுநாளும்

நடந்தவர் யாரும் அன்றிரவு வண்டி ஓட்டக் கூடாது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, 15 கிலோமீட்டர் நடந்து, மலையேறி இறங்கியவர் ஸ்டியரிங் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கண் சொருகும். நடக்காமல் பகலில் தூங்கிய ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். அறைச் செலவை இதற்காகவே எடுத்து வையுங்கள்.

வெந்நீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் காலைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். கொப்புளம் உடைந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைத் தவிர்த்து, வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். சுவரில் காலைச் சாய்த்து கால் மணி நேரம் படுத்தால் வீக்கம் இறங்கும்.

மாலையை வழக்கப்படி கோயிலிலோ வீட்டில் அம்மா கையாலோ கழற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிப்பது இயல்பு. இரண்டாம் நாள் அது கூடி மூன்றாம் நாள் குறையும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.